காவல் காத்த நாய்க்கும் முதுமை உண்டு

நம் குடும்பங்களில் நாயைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியோடு முடிந்துவிடுகிறது: வளர்க்கலாமா, கூடாதா? ஆலிமிடம் கேட்கிறோம். அவர் நிபந்தனைகளைச் சொல்கிறார். தோட்டம், கால்நடை, காவல் ஆகிய தேவைகளுள் ஒன்று நமக்கு இருந்தால் மனம் அமைதியடைகிறது. ஒரு குட்டி வாங்கி வரப்படுகிறது. அந்தக் குட்டி பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் உயிர்வாழக்கூடும் என்பதையோ, அவற்றுள் கடைசிச் சில ஆண்டுகளில் அதனால் காவல் காக்க இயலாது என்பதையோ அப்போது யாரும் பேசுவதில்லை. அனுமதியைக் கேட்டறிவதில் காட்டும் கவனத்தில் பாதியைக்கூட நாம் பொறுப்பைக் கேட்டறிவதில் காட்டுவதில்லை.

அதன் விளைவைப் புறவழிச்சாலை ஓரங்களிலும் சந்தைத் திடல்களிலும் காணலாம். கழுத்தில் பழைய பட்டையோடு, கண் மங்கி, பின்னங்கால்களை இழுத்து நடக்கும் நாய்கள் தெருவில் பிறந்தவை அல்ல. ஏதோ ஒரு வீட்டு வாசலில் பத்தாண்டுகள் படுத்துக் கிடந்தவை. எந்தச் சமூகத்தார் வீட்டு நாய் என்று அதன் பட்டையில் எழுதியிருப்பதில்லை. ஆனால் அல்லாஹ்விடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று நம்பும் நாம், அவற்றுள் ஒன்றேனும் நம் வீட்டிலிருந்து போனதாக இருந்துவிடக் கூடாது என்று அஞ்ச வேண்டியவர்கள்.

மார்க்கம் வகுத்த எல்லை

முதலில் எல்லையைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். வேட்டை, கால்நடை, விவசாயம் ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்ற கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய தொகுப்புகளில் உள்ளது. வேறோர் அறிவிப்பில் இரண்டு கீராத் என்று வந்துள்ளது. வீட்டுக் காவலை இத்தேவைகளோடு ஒப்பிட்டு அனுமதிக்கலாம் என்பதையே, கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) சரியான கருத்தாகக் குறிப்பிடுகிறார். ஆகவே அழகுக்காகவும் பெருமைக்காகவும் விலையுயர்ந்த நாயை வாங்கிக் கூடத்தில் உலவவிடுவதை நாம் இங்கே பரிந்துரைக்கவில்லை.

அதே வேளையில், நாயை வெறுப்பது மார்க்கத்தின் ஒரு பகுதி என்ற எண்ணத்தையும் நாம் ஏற்க முடியாது. குகைத் தோழர்களின் வரலாற்றைச் சொல்லும் அல்கஹ்ஃபு அத்தியாயம், வாசலில் முன்னங்கால்களை விரித்துப் படுத்திருந்த அவர்களுடைய நாயையும் மறவாமல் குறிப்பிடுகிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட செய்தியை நாம் மத்ரஸாவிலேயே படித்திருக்கிறோம். அதே மத்ரஸா விட்டதும் தெருநாயின் மீது கல்லெறியும் பிள்ளையைக் கண்டும் காணாமல் போகிறோம். தொட்டால் கழுவ வேண்டும் என்பது தூய்மை பற்றிய சட்டம். அடிக்கலாம் என்பதற்கான உரிமை அதில் எங்கும் இல்லை.

நாய் வேண்டாம் என்று முடிவுசெய்யும் குடும்பம் நல்ல முடிவையே எடுத்திருக்கிறது. வேண்டும் என்று முடிவுசெய்யும் குடும்பத்தோடுதான் இனிப் பேச வேண்டியிருக்கிறது.

யாருக்காக வாங்குகிறோம்?

நம் ஊர்களில் அடிக்கடி நிகழும் ஒன்றைப் பார்ப்போம். மகன் வளைகுடாவில் வேலை செய்கிறார். ஊரில் பெரிய வீட்டில் தாயும் தந்தையும் தனியே இருக்கிறார்கள். நாற்பது நாள் விடுப்பில் வந்தவர், பெற்றோரின் பாதுகாப்பை எண்ணி ஒரு நாய்க்குட்டியை வாங்கித் தருகிறார். எண்ணம் நல்லதே. ஆனால் விடுப்பு முடிந்து அவர் விமானம் ஏறும்போது குட்டிக்கு மூன்று மாதம்தான் ஆகியிருக்கும். கண்டதையெல்லாம் கடிக்கும், எங்கும் சிறுநீர் கழிக்கும், ஓயாமல் ஓடும் பருவம் அது. மூட்டுவலியோடு தொழுகைக்கே நாற்காலி தேடும் தாய் அதன் பின்னால் ஓட முடியுமா? நாய் சங்கிலியில் கட்டப்படுகிறது. பல வீடுகளில் அதன் எஞ்சிய வாழ்வு முழுவதும் அந்தச் சங்கிலியின் நீளத்துக்குள் முடிந்துபோகிறது.

எனவே வாங்குமுன் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். முதல் ஓராண்டில் நாள்தோறும் அதற்கு நேரம் ஒதுக்கப்போகும் ஆள் யார்? வீட்டார் ஊருக்கும் உம்ராவுக்கும் போகும் நாட்களில் உணவும் நீரும் வைப்பவர் யார்? பத்தாண்டுகள் கழித்து அது நோயுற்றால் மருத்துவரிடம் கொண்டுபோகிறவர் யார்? பெயர் சொல்ல முடியாவிட்டால், வாசலுக்கு நல்ல பூட்டும் கேமராவும் போதும்.

இனத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் நிதானம் தேவை. பனிநாட்டுக்குரிய அடர்ந்த முடியுள்ள ஹஸ்கி போன்ற நாயைச் சித்திரை வெயிலில் மூச்சிரைக்க வைப்பது அதன் மீது இழைக்கப்படும் துன்பம். காவலுக்குப் பெயர்பெற்ற நாய்கள் நம் மண்ணிலேயே உள்ளன. உத்தமபாளையத்துக்கு அருகிலுள்ள கோம்பையின் பெயராலேயே ஓர் இனம் அழைக்கப்படுகிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை தென்மாவட்டத்து வெயிலுக்குப் பழகியவை. ஆனால் அவை ஓட இடம் கேட்பவை. மாடிக் குடியிருப்புக்கு உரியவை அல்ல. வெள்ளை நிற ராஜபாளையம் குட்டிகளுள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே செவிடு இருப்பதுண்டு. வாங்குமுன் முதுகுப்புறமாக நின்று கைதட்டிப் பார்ப்பது நல்லது.

எட்டு வாரம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. விளையாட்டில் எவ்வளவு கடிக்கலாம் என்ற அளவைத் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்கிறது.

பயிற்சியும் பொறுமையும்

வேட்டைப் பிராணிகளைப் பற்றிப் பேசும் அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனம், அவற்றுக்கு நாம் கற்பிப்பது அல்லாஹ் நமக்குக் கற்பித்த அறிவிலிருந்தே என்ற கருத்தைத் தருகிறது. பயிற்றுவிப்பது ஓர் அறிவு. அதைப் பிரம்பைக் கொண்டு நிரப்ப இயலாது.

முதல் வாரம் குட்டி இரவில் அழும். தாயின் சூட்டை இழந்த உயிர் அழத்தான் செய்யும். இருட்டறையில் அடைத்தால் அச்சம் கூடும். ஆள் நடமாட்டம் கேட்கும் இடத்தில், காற்றோட்டமான திண்ணையிலோ பின்கட்டிலோ பழைய சாக்கும் துணியும் விரித்துப் படுக்கவைத்தால் சில நாட்களில் அடங்கிவிடும்.

இடமறிந்து சிறுநீர் கழிக்கப் பழக்குவது ஒரு வாரத்தில் முடியும் வேலை அன்று. இரண்டு மாதக் குட்டியால் பகலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கிவைக்க இயலாது. தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் அதே மூலைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே கழித்த அந்த நொடியிலேயே தட்டிக்கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் கழித்துவிட்டால் அதன் மூக்கை அதில் தேய்ப்பது நம்மிடையே பரவிய வழக்கம். அது எதையும் கற்பிப்பதில்லை; நம் கண்ணில் படாமல் ஒளிந்து கழிக்கத்தான் நாய் அதிலிருந்து கற்றுக்கொள்கிறது. பல குட்டிகள் முழுமையாகப் பழக ஆறு மாதம்வரை ஆகும்.

நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் முளைக்கும். ஈறு நமைச்சலில் செருப்பு, பாய், கதவு எதையும் விடாது. கடிப்பதற்கு உரிய பொருளைக் கொடுத்து, கடிக்கக் கூடாததை எட்டாமல் வைப்பதே வழி. கையைக் கடித்தால் விளையாட்டை அப்போதே நிறுத்தி எழுந்துவிட வேண்டும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு வேளை: "வா", "உட்கார்", "இரு", "விடு" என்ற நான்கு சொற்கள் போதும். வீட்டிலுள்ள அனைவரும் அதே சொற்களைச் சொல்ல வேண்டும். ஒருவர் "வா" என்றும் மற்றவர் "இங்க" என்றும் அழைத்தால் குட்டி குழம்பும். ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கைச்சாடையையும் சேர்த்தே பழக்குவோம். அதன் பயன் பத்தாண்டு கழித்துத் தெரியும், பின்னர் சொல்கிறோம்.

ஆறு மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையே, கற்றதையெல்லாம் மறந்ததுபோல் நடந்துகொள்ளும் வளரிளம் பருவம் ஒன்று வரும். "இது உருப்படாது" என்று பலர் நாயைக் கைவிடுவது இந்தப் பருவத்தில்தான். பொறுமையோடு திரும்பப் பழக்கினால் அதுவும் கடந்துபோகும்.

காவல் நாய் மூர்க்கமாக வேண்டும் என்பதற்காகச் சங்கிலியிலேயே கட்டிவைப்பது, பட்டினி போடுவது, மிளகாய்த்தூள் கலந்து கொடுப்பது ஆகிய வழக்கங்களும் உள்ளன. இவை கொடுமை, பயனும் இல்லை. அச்சத்தில் வளர்ந்த நாய் கள்வனையும் மதரஸா போகும் பிள்ளையையும் வேறுபடுத்தி அறியாது. பிறந்த மூன்றாம் வாரம் முதல் பதினான்காம் வாரம்வரை உள்ள காலத்தில், முதியோர், பிள்ளைகள், பர்தா அணிந்த பெண்கள், தலைக்கவசம் அணிந்த தபால்காரர் எனப் பலரையும் கண்டு அஞ்சாமல் பழகிய நாயே பிற்காலத்தில் எது வழக்கமானது, எது வழக்கத்துக்கு மாறானது என்று பிரித்தறிந்து குரைக்கும்.

தடுப்பூசியில் சலுகையே கிடையாது. பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய கொல்லும் நோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம்வரை தொடர வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். பின்னர் மருத்துவர் சொல்லும் கால அளவில். குட்டியின் குடற்புழு பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது என்பதால் அதற்கான மருந்தையும் தவறவிடக் கூடாது. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதமின்றி அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பிறகு காப்பாற்ற மருத்துவம் இல்லை. மந்திரித்துத் தண்ணீர் ஓதிக் கொடுப்பதோடு நின்றுவிட்டு ஊசியைத் தவிர்ப்பது உயிரோடு விளையாடுவது.

தூய்மையும் இரக்கமும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபையும், உள்நாட்டு ஊர்கள் பலவற்றில் ஹனஃபி மத்ஹபையும் பின்பற்றுகிறோம். ஷாஃபிஈ மத்ஹபின்படி நாயின் உடல் முழுவதும் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். இரு பக்கமும் உலர்ந்திருந்தால் நஜீஸ் பரவுவதில்லை. ஹனஃபி மத்ஹபில் உமிழ்நீர் நஜீஸ். உடலின் முடி அவ்வாறு கருதப்படுவதில்லை. வானவர்கள் நுழையாத வீடு பற்றிய நபிமொழி அனுமதிக்கப்பட்ட நாய்க்கும் பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உள்ளன. ஆகவே நாயின் இருப்பிடத்தை வீட்டுக்கு வெளியே அமைப்பதே பேணுதலான வழி.

நடைமுறையில் இது கடினமன்று. முற்றத்திலோ தோட்டத்திலோ நிழலான கூடு, அதற்கெனத் தனிப் பாத்திரம், பராமரிப்பவருக்கெனத் தனி ஆடை, கொல்லைப்புறத்தில் ஒரு குழாய்: இவ்வளவு போதும். ஆனால் "வெளியே" என்பது வெயிலில், மழையில், கொசுக்கடியில் என்று ஆகிவிடக் கூடாது. தகரக் கூரையின் கீழ் கட்டப்பட்ட நாய் கோடை நண்பகலில் வெப்பத் தாக்குதலால் இறக்கக்கூடும்.

உணவிலும் கவனம் வேண்டும். தயிர்ச்சோறு மட்டும் தின்று நாய் நலமாக இருக்காது. முட்டையோ இறைச்சியோ சேர வேண்டும். பிரியாணியில் மிஞ்சியதைக் கொட்டுவது பல வீடுகளின் வழக்கம். வெந்த எலும்பு சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். திராட்சையும் கிஸ்மிஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். குர்பானி நாட்களில் இதை நினைவில் கொள்வோம்.

வேலை முடிந்த பிறகு

இப்போது நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். பெரிய உடல்வாகுள்ள நாய் ஏழெட்டு வயதிலேயே முதுமையை எட்டத் தொடங்குகிறது. கால்மூட்டு தேய்கிறது; காலையில் எழ நேரமாகிறது. கண்ணில் புரை விழுகிறது, காது மந்தமாகிறது. வாசலில் ஆள் வந்து நின்றாலும் அதற்குத் தெரிவதில்லை. அப்போது ஒரு குரல் எழுகிறது: "காவலுக்காகத்தானே அனுமதி? இனி இது காவல் காக்காது. வைத்திருக்கத் தேவை இல்லையே?"

இந்த வாதத்துக்கான விடை நம் ஃபிக்ஹ் மரபிலேயே இருக்கிறது. கி.பி. 1262இல் மறைந்த ஷாஃபிஈ பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்), மனிதன் மீது கால்நடைகளுக்கும் பிராணிகளுக்கும் உள்ள உரிமைகளை வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் முதன்மையானது, அதற்குரிய செலவை உடைமையாளர் செய்ய வேண்டும் என்பது. அது முடமாகி அல்லது நோயுற்று, அதனால் எந்தப் பயனும் இல்லை என்ற நிலை வந்தபோதிலும் அந்தக் கடமை நீங்குவதில்லை என்று அவர் தெளிவாகவே எழுதியுள்ளார். சக்திக்கு மீறிச் சுமத்தக் கூடாது, துன்புறுத்துவனவற்றோடு சேர்த்து அடைக்கக் கூடாது என்பனவும் அவ்வரிசையில் வருகின்றன. ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலிம் சிந்தித்த அளவுக்கு இன்று நாம் சிந்திக்க வேண்டாமா?

அபூதாவூதில் வரும் ஒட்டகத்தின் செய்தியும் இதையே உணர்த்துகிறது. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நபி (ஸல்) அவர்களைக் கண்டு கண்ணீர் வடித்த ஒட்டகத்தை அவர்கள் தடவிக்கொடுத்தார்கள். பின்னர் அதன் உடைமையாளரை அழைத்து, அதைப் பட்டினி போட்டு வருத்துவது குறித்து அல்லாஹ்வின் அச்சத்தை நினைவூட்டினார்கள். பிராணி நம் கையில் வந்ததும் அது அமானத் ஆகிவிடுகிறது. வேலை அதன் இளமையில் நமக்குக் கிடைத்துவிட்டது. கூலியின் கடைசித் தவணையைத்தான் அது முதுமையில் கேட்கிறது.

நாட்டின் சட்டமும் இதற்கு மாறாக இல்லை. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்.

முதிய நாயின் பராமரிப்புக்குப் பெரும் பணம் தேவையில்லை, கவனம் தேவை. வழுக்கும் டைல்ஸ் தரையில் பழைய பாயோ ரப்பர் விரிப்போ போட்டால் கால் சறுக்காது. சிமெண்டுத் தரையில் படுக்கவிடாமல் மெத்தென்ற சாக்கு மெத்தை கொடுக்கலாம். உணவை மென்மையாக்கி, ஒரே வேளையாக இல்லாமல் இரு வேளையாகப் பிரிக்கலாம். உடல் பெருக்கவிட்டால் மூட்டுவலி கூடும். வாய் நாறினாலோ, மெல்லாமல் விழுங்கினாலோ பற்களைக் காட்ட வேண்டும். வழக்கத்தைவிட அதிகம் நீர் குடித்து அதிகம் சிறுநீர் கழித்தால் சிறுநீரகக் கோளாறோ நீரிழிவோ இருக்கக்கூடும். கருத்தடை செய்யாத பெண் நாய்க்கு இவ்வறிகுறியோடு சோர்வும் சேர்ந்தால் கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். அது அவசர நிலை. நாம் விழுங்கும் பாராசிட்டமாலையோ இபுப்ரோஃபெனையோ இரக்கத்தால்கூட அதற்குக் கொடுக்கக் கூடாது, உயிரைப் பறிக்கும்.

பார்வை மங்கிய நாய்க்குக் கூட்டையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் இடம் மாற்றக் கூடாது. காது கேளாத நாயைத் தூக்கத்தில் திடீரெனத் தொட்டால் பதறிக் கடிக்கும். தரையைத் தட்டி அதிர்வால் எழுப்ப வேண்டும். குட்டியாக இருந்தபோது கற்றுக்கொடுத்த கைச்சாடை இப்போதுதான் கைகொடுக்கும். குரல் எட்டாத உயிரிடம் நம் கை பேசும். சில முதிய நாய்கள் இரவில் காரணமின்றிக் குரைக்கும், மூலையில் நின்று சுவரைப் பார்த்திருக்கும். அது பிடிவாதமன்று, மூளை மூப்படைவதன் அடையாளம். நம் வீட்டு முதியோரிடம் காட்டும் அதே பொறுமையின் ஒரு துளி அதற்கும் போதும்.

குணமாக்க இயலாத வேதனையில் நாய் துடிக்கும் நிலை வந்தால், கால்நடை மருத்துவரின் கருத்தைக் கேட்டு, அதை ஆலிமிடம் எடுத்துச் சொல்லி வழிகாட்டுதல் பெறுவதே முறை. சோற்றில் நஞ்சு வைப்பதும், சாக்கில் கட்டி ஊருக்கு வெளியே விட்டு வருவதும் முடிவே அல்ல. கண்மறைவில் செய்யப்படும் அநீதி.

"மனிதரே பசித்திருக்கும்போது நாய்க்கு இத்தனை செலவா?" என்று கேட்போருக்கும் ஒரு சொல். அந்தக் கேள்வியைக் குட்டி வாங்குமுன் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வி. அப்போது வாங்காமல் இருந்திருக்கலாம். அந்தப் பணத்தை ஏழை உறவினருக்குக் கொடுத்திருக்கலாம். வாங்கிய பிறகு அது கடமைச் செலவு. பத்தாண்டுகள் நம் வாசலில் விழித்திருந்த பிராணியின் உணவை நிறுத்தித்தான் ஸதகா கொடுக்க வேண்டும் என்ற நிலை நம்மில் யாருக்கும் இல்லை.

அடுத்த முறை நம் வீட்டில் யாரேனும் நாய் வளர்க்கலாமா என்று ஆலிமிடம் கேட்கப் போனால், இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கட்டும்: அது கிழடான பின் நான் என்ன செய்ய வேண்டும்? அந்த விடையைத் தாங்க முடிந்தவர் வாங்கட்டும். முடியாதவர், தாகத்தோடு தெருவில் திரியும் உயிருக்கு வாசலோரம் ஒரு சட்டி தண்ணீர் வைக்கட்டும். அதற்கும் கூலி உண்டு, இன்ஷா அல்லாஹ்.